புத்தகம் போட்டாயிற்று, வாசகர் எங்கே?

02.07.2024 – கேள்வி, மல்லாவியிலிருந்து

அக்கா, போன வருடம் மாசியில் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. 300 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழாவில் 140 போனது. அதற்குப் பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் போனது 11. மிச்சம் 149உம் அறை மூலையில் பெட்டிக்குள் கிடக்கிறது. விழாவில் வாங்கிய 140 பேரில் ஒருவர்கூடக் கதைகளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நல்லது என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. வன்னியில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், வாசிக்கிறவர்கள் இல்லை என்பதுதான் என் முடிவு. பிழை என்றால் சொல்லுங்கள், உங்களுக்கு மட்டும் எப்படி ஒரு வாசகர் கூட்டம் சேர்ந்தது?

02.07.2024, இரவு

முதலில் அந்தப் பெட்டியை நிலத்திலிருந்து தூக்கு. நாலு கல் வைத்து மேலே பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வை. என் முதல் தொகுப்பில் அறுபது பிரதியைக் கரையான் தின்றது. வெளியே பார்த்தால் பெட்டி பெட்டியாகவே இருந்தது, திறந்தால் உள்ளே மண். இன்றைக்கே செய். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

03.07.2024

அந்த 140 பேரும் உனக்காக வந்தவர்கள். அவர்களை வாசகர் கணக்கில் சேர்த்ததால்தான் உனக்கு இவ்வளவு மனவருத்தம்.

நம் ஊர் வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். மங்கள விளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை நாலைந்து, வெளியீட்டுரை. ஊரில் மதிப்பான ஒருவர் முதற்பிரதி வாங்குவார். பிறகு பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து என்வலப்பைத் தந்து, புத்தகத்தோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். கலியாண வீட்டுக்குப் போவதுபோலத்தான். அந்த என்வலப்புகள் இல்லாமல் அச்சகக் கணக்கை என்னாலும் தீர்த்திருக்க முடியாது. அந்த அன்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அங்கே யாருக்கும் உன் கதை தெரியாதே, பிறகு எப்படிக் கதையைத் தேடி வருவார்கள்? வீட்டுக்குப் போன புத்தகம் சாமிப்படத் தட்டில் அல்லது பிள்ளைகளின் சான்றிதழ்க் கோவைக்குள் இருக்கும். பத்திரமாகத்தான் இருக்கும்.

என் முதல் தொகுப்பு 2012இல் வந்தது. என் முதல் வாசகியை ஏழு மாதம் கழித்துப் பரந்தன் சந்தியில் கண்டேன். பஸ்ஸுக்கு நின்றேன். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. கிட்ட வந்து, "நீங்கதானே அந்தக் கிணத்துக் கதை எழுதினது?" என்றாள். ஓம் என்றேன். "அந்தப் பிள்ளை கடைசியில வாளிய ஏன் கை விட்டது? கயிறு அறுந்ததோ, அவளா விட்டவளோ?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கமுன் அவளுடைய பஸ் வந்துவிட்டது. ஏறிப் போனவள் மிதிபலகையில் நின்று திரும்பிப் பார்த்தாள், பதில் வரும் என்று நினைத்தவள்போல.

என் வெளியீட்டு விழாவில் 170 பிரதி போனது. அன்றைக்கு வராத சந்தோசம் அந்தச் சந்தியில் வந்தது. புத்தகத்தை அவள் வாங்கவுமில்லை, யாரிடமோ இரவல் வாங்கி வாசித்திருக்கிறாள்.

05.07.2024

மேலே ஒன்றை எழுதாமல் விட்டேன். அவளிடம் நான் பெயர் கேட்கவில்லை. பிறகு எத்தனையோ நாள் அந்த நேரத்துக்கு அந்தச் சந்தியில் நின்று பார்த்தேன், காணவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட குறிப்பேடு, வாங்கினேன். என் கதையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அன்றிரவே எழுதி வைப்பேன். பெயர், ஊர், எந்தக் கதை, என்ன சொன்னார், எங்கே கண்டேன். இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது, 340 பெயர் அளவில் இருக்கும். அடுத்த முறை அவரைக் காணும்போது, "அந்த மாமி பாத்திரம் பொய் மாதிரி இருக்கு எண்டு சொன்னீங்கள், நான் யோசிச்சுப் பார்த்தனான்" என்று சொல்லலாம். தன் சொல்லை ஒருவர் ஒரு வருடம் நினைவு வைத்திருந்தார் என்று தெரிந்தால் மனிதருக்கு முகம் மாறும். பிறகு அவர் உன் அடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்குவார்.

தம்பி, நீயும் ஒரு கொப்பி தொடங்கு. வெறும் தொலைபேசி எண்களை எழுதி வைக்காதே, அதனால் ஒரு பயனும் இல்லை.

11.07.2024

நேற்று வெயிலில் பாலைப்பழம் விற்கிற பையன் ஒருவனைக் கண்டதும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் நாவலில் ஒரு சிறுமி தைப்பொங்கலன்று காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம் பொறுக்குவாள். புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் நெடுங்கேணிப் பக்கத்திலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. பெரிய, நடுங்கின எழுத்து. "பிள்ளை, தையில் ஏது பாலைப்பழம்? ஆனி ஆடியில் வந்து பார், வாய் ஒட்ட ஒட்டச் சாப்பிடலாம். மற்றபடி கதை நல்லது." அவ்வளவுதான்.

நான் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வந்தவள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வன்னிக் காட்டில்தான் பிறகு வளர்ந்தேன், ஆனாலும் பழத்தின் ருசி நினைவிருந்ததே தவிர மாதம் நினைவில் இல்லை. தபாலட்டை எழுதின ஐயாவைத் தேடிப் போனேன். எண்பது வயது. என்னை முற்றத்தில் இருத்தி வைத்து எந்த மாதத்தில் என்ன காய்க்கும், எந்த மாதத்தில் எந்தக் குளம் நிரம்பி வான் பாயும் என்று பின்னேரம் மட்டும் சொல்லித் தந்தார். இரண்டாம் பதிப்பில் அந்த இடத்தை மாற்றினேன். முன்பக்கத்தில், இந்தத் திருத்தத்தைச் சொன்னவர் நெடுங்கேணியைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்று நன்றி எழுதினேன். அவர் அந்தப் பக்கத்தைக் கோவிலுக்கும் கடைக்கும் கமக்காரர் கூட்டத்துக்கும் கொண்டு திரிந்து காட்டியிருக்கிறார். அவரால் மட்டும் எட்டுப் பேர் என் கொப்பிக்குள் வந்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரைப் பாலைப்பழ ஐயா என்றுதான் சொல்வோம். அவருக்கும் அந்தப் பெயரில் பெருமை.

பிழை சொல்கிறவரிடம் சாக்குச் சொல்லக்கூடாது தம்பி. அவர் புத்தகத்தைக் கடைசிவரை வாசித்த ஆள்.

12.07.2024

முகநூலில் போட்டால் வாசகர் சேர்வார்களா என்று வவுனியாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். என் அனுபவத்தைச் சொல்கிறேன். முகநூலில் 5000க்கு மேல் நண்பர் வைக்க முடியாது, எனக்கு அந்த எல்லை எப்போதோ நிரம்பிவிட்டது. நாவலின் அட்டைப்படத்தைப் போட்டேன், 400க்கு மேல் விருப்பம், நூறு வாழ்த்து. அதைப் பார்த்துப் புத்தகம் கேட்டவர் மூன்று பேர். இன்னொரு நாள், எழுதிக்கொண்டிருந்த அத்தியாயத்துக்காக, "குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற அமைப்பை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். துருசு என்றார்கள், மதகு என்றார்கள், கலிங்கு என்றார்கள். கலிங்கு வேறு, துருசு வேறு என்று ஒருவர் வந்தார். மதகு என்றால் எங்களுக்குப் பின்னேரத்தில் குந்தியிருந்து கதைக்கிற இடம் என்று இன்னொருவர். தொண்ணூறு பதில், மூன்று நாள் சண்டை. என்னை மறந்து அவர்களுக்குள்ளேயே பேசினார்கள். அதில் பாதிப்பேர் பிறகு அந்த அத்தியாயம் எங்கே என்று கேட்டு வந்தார்கள்.

தாங்கள் அறிந்ததைப் பற்றிக் கேட்டால் சனம் வாய் திறக்கும். அட்டைப்படத்தைப் பார்த்து என்ன சொல்வது? வாழ்த்துத்தான் சொல்லலாம்.

20.07.2024

தோற்றதையும் சொல்ல வேண்டும். 2014இல் கிளிநொச்சியில் மாதம் ஒருமுறை வாசகர் சந்திப்பு என்று தொடங்கினேன். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. முதல் மாதம் 22 பேர், பிறகு 14, பிறகு 9, நாலாம் மாதம் நாலு பேர். அதில் ஒருவர் மண்டபத்தின் திறப்பு, அதாவது சாவி, வைத்திருந்தவர். சனத்துக்கு அக்கறை இல்லை என்று நான் அப்போது பலரிடம் கவலைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். தம்பி இப்போது எழுதியிருப்பது அன்றைக்கு நான் சொன்ன அதே வசனம்.

உண்மையில் நடந்தது என்ன? கதிரைகளை வரிசையாகப் போட்டு நான் முன்னுக்கு மேசையில் இருந்தேன். பேச யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முக்கால் மணி நேரம் பேசுவார், பிறகு நான் அரை மணி. அதற்குப் பிறகு "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்பேன். யார் கேட்பார்? நான் ரீச்சர். வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடமோ என்னைப்போல ஒருவரிடமோ படித்தவர்கள், அல்லது பிள்ளைகளைப் படிக்க விட்டவர்கள். பிழையாகச் சொல்லிவிடுவோம் என்று பயந்துபோய் இருந்தார்கள். பல வருடம் கழித்து ஒரு தாய் சிரித்துக்கொண்டு சொன்னார்: "சோதினை மாதிரி இருந்தது ரீச்சர், அதான் வராம நிண்டுட்டன்."

21.07.2024

இரவு யோசித்துப் பார்த்தேன். நேற்று எழுதியதில் எல்லாப் பழியையும் என் மேல் போட்டது முழு உண்மை இல்லை. நேரமும் பிழை. மூன்று மணிக்குத் தொடங்கினால் முடிய ஐந்தரை. அக்கராயன் பக்கம், ஜெயபுரம் பக்கம் போகிற பெண்கள் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே எழும்ப வேண்டும். மாசி பங்குனியில் நெல் அரிவு வெட்டு. ஞாயிறு காலையில் தேவாலயம், பகலில் பிள்ளைகளுக்கு ரியூசன். அக்கறை இருந்தும் வரமுடியாதவர்களை நான் அக்கறை இல்லாதவர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

04.08.2024

சரி, எது சரிவந்தது என்று கேட்டிருந்தாய். இதை விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் அம்மம்மா புராணப்படிப்புக்குத் தவறாமல் போவா. கோவில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணப் பாட்டை இழுத்துப் படிப்பார், பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார். பயன் என்றால் பொருள் மட்டும் இல்லை. நேற்றுத் தெருவில் நடந்ததையும் இழுத்து வந்து பாட்டோடு சேர்த்துச் சொல்வார். கேட்டிருக்கிற கிழவிகள் நடுவில் "அப்பிடியில்லை" என்று மறுப்பார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்குச் சூரபன்மன் கதை முழுவதும் வரிசையாகத் தெரியும். முல்லைத்தீவுப் பக்கம் கண்ணகி அம்மன் கோவில்களில் கண்ணகி கதையைப் படிக்கிற சிலம்பு கூறலும் இப்படிக் கேட்டுக் கேட்டு வந்ததுதான். நம் சனம் நூற்றாண்டுக் கணக்காகக் கூடியிருந்து வாசித்த சனம். வாசிக்காத சனம் என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2016இல் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், சனசமூக நிலையத்து விறாந்தையில், சனிக்கிழமை நாலு மணிக்குத் தொடங்கினோம். பாய் விரித்து வட்டமாக இருப்போம். ஒருவர் மூன்று பக்கம் சத்தமாக வாசிப்பார். பிறகு விரும்பினவர் பயன் சொல்லலாம். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. ஐந்தரைக்கு முடித்துவிடுவோம், கதை எந்த இடத்தில் நின்றாலும். நடுவில் நின்றால்தான் அடுத்த கிழமை வருவார்கள் என்று பிறகு கண்டுபிடித்தோம்.

என் புத்தகத்தை முதல் ஏழு மாதம் அங்கே எடுக்கவே இல்லை. மற்றவர்களின் கதைகளைத்தான் வாசித்தோம். எட்டாம் மாதம் அவர்களாகவே, "ரீச்சர், நீங்களும் எழுதுறனீங்களாமே" என்று கேட்டார்கள்.

அங்கே ஒரு அம்மா வருவா. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றவ. கை சும்மா இருக்காது, மடியில் சுளகு வைத்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டு கேட்பா. காம்பைப் பிடித்து இழுக்க இலை சுளகில் விழும், அடுத்த காம்பு, அடுத்தது. என் கதையில் ஒரு தாய் இடம்பெயரும்போது கதவைப் பூட்டித் திறப்பைப் பூச்சாடிக்குக் கீழே வைக்கிற இடம் வந்தது. அவவின் கை நின்றுவிட்டது. காம்பு விரலுக்குள் இருக்கிறது, இழுக்கவில்லை. வாசித்தவர் பக்கத்தை முடித்தார். யாரும் பேசவில்லை. பிறகு அவ சொன்னா: "நான் திறப்பக் கொண்டு போனனான். வீடுதான் இல்லாமப் போச்சு, திறப்பு இருக்கு." அடுத்த கிழமை அந்தத் திறப்பைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து எல்லோருக்கும் காட்டினா. கையால் கையாகப் போய் என்னிடமும் வந்தது. சின்னப் பித்தளைத் திறப்பு, பல்லில் கறுப்பு ஏறியிருந்தது.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் கொண்டு போனதைச் சொல்லத் தொடங்கினார்கள். மூன்று சனிக்கிழமை என் கதை அப்படியே மூடிக் கிடந்தது. எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

05.08.2024

ஒருவர் "அப்படியென்றால் புத்தகம் எத்தனை விற்றது?" என்று கேட்டிருக்கிறார். அந்த விறாந்தையில் முதல் வருடம் ஒன்பது பிரதி. இன்றைக்கு அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் புதுப் புத்தகம் வந்தால் எண்பது பிரதிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். நாலாயிரம் சனம் வாழ்கிற இடத்தில் எண்பது. இதற்கு எட்டு வருடம் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

24.09.2024

தேர்தல் கடமைக்குப் போய்வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். இன்று ஒரு பார்சல் வந்தது. மாங்குளம் பஸ் கொண்டக்டரிடம் யாரோ கொடுத்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே என் இரண்டாவது தொகுப்பின் ஒரு பிரதி. நான் யாருக்கோ இரவல் கொடுத்தது, நாலு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது.

முதுகு இரண்டு இடத்தில் நூலால் தைத்திருக்கிறது, சாக்குத் தைக்கிற ஊசியாக இருக்க வேண்டும், ஓட்டை பெரிது. 41ஆம் பக்கத்தில் ஒரு தேத்தண்ணி வட்டம். நடுவில் பனையோலைத் துண்டு ஒன்று அடையாளத்துக்கு. கடைசி வெள்ளைப் பக்கத்தில் யாரோ நெல்லுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், மூட்டை, கூலி, சூடு அடித்த மெசின் காசு. அட்டைக்கு உட்புறத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெயர்கள், வேறு வேறு கையெழுத்து, வேறு வேறு பேனை. எண்ணினேன், பதினொரு பெயர். யாரும் எழுதச் சொல்லவில்லை.

புத்தகத்தை இரவல் வாங்கி வாசித்தார்கள் என்று குறைப்படுகிற எழுத்தாளர்களை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நானும் குறைப்பட்டேன். இந்தப் பதினொரு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கியவர்கள். இன்னாரிடம் இன்ன புத்தகம் இருக்கிறது என்று தெரிந்து போய்க் கேட்டவர்கள். நான் யாரையும் கூட்டவில்லை, புத்தகம் கூட்டியிருக்கிறது.

25.09.2024

திருத்தம். பதினொன்று இல்லை, பதின்மூன்று. பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் இன்னும் இரண்டு பெயர். என் மகள்தான் கண்டுபிடித்தாள். ஒன்று சின்னப் பிள்ளையின் எழுத்து, பெயருக்குப் பக்கத்தில் "நான் பாதி" என்று எழுதியிருக்கிறது.

பதின்மூன்றையும் கொப்பியில் எழுதிவிட்டேன்.

06.10.2024

ஒக்டோபர் வாசிப்பு மாதம். பாடசாலைகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். தம்பி, உன்னையும் கூப்பிடுவார்கள். போ. ஆனால் வாசிப்பின் பயன்கள் என்று பேசாதே. ஒரு கதையின் முதல் பாதியை வாசி, நிறுத்து, புத்தகத்தை நூலகரிடம் கொடுத்துவிட்டு வா. ஒரு மாதம் கழித்துப் போய், திகதி அடிக்கிற தாளைப் பார். எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது என்று அதுவே சொல்லும்.

இதைச் சொல்லும்போது எழுத்தாளர் டொமினிக் ஜீவாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1966இல் யாழ்ப்பாணத்தில் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். இதழைக் கையில் கொண்டுபோய் வாசகரிடம் கொடுத்துக் காசு வாங்கிக் கதைத்துவிட்டு வருவார். 2021 ஜனவரியில் அவர் காலமானபோது எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு ஓய்வு பெற்ற தபாற்காரர் சொன்னார், அவர் கையால் ஒருமுறை இதழ் வாங்கினதாகவும், வாங்கினபோது போன இதழில் எது பிடித்தது என்று தன்னை அவர் கேட்டதாகவும். அந்தக் கேள்வியை அந்த மனிதர் எத்தனை வருடமாக வைத்திருக்கிறார் பாருங்கள்.

15.10.2024

ரொறன்ரோவிலிருந்து ஒரு அண்ணை, தம்பியின் 149 பிரதிகளில் ஐம்பதை வாங்கிப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். நல்ல மனம். ஆனால் அண்ணை, என் தொகுப்பையும் இப்படி ஒருவர் ஐம்பது வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து ஒரு பாடசாலைக்குப் போனபோது கண்ணாடி அலுமாரிக்குள் கட்டு அவிழ்க்காமல் இருந்தது. திறப்பு அதிபரிடம், அதிபர் கூட்டத்தில். ஐம்பதையும் பத்து ஊரில் பத்து வீட்டுக்கு ஐந்து ஐந்தாகக் கொடுங்கள். எந்த வீட்டு விறாந்தையில் பின்னேரத்தில் நாலு பேர் கூடுகிறார்களோ அந்த வீடு.

அச்சில் இல்லாத என் முதல் தொகுப்பை நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாக்கிறார்கள். 2009 போரில் என்னிடம் இருந்த கையெழுத்துப் பிரதிகள் ஒன்றும் மிஞ்சவில்லை, அதனால் எனக்கு அவர்கள் செய்வதன் பெறுமதி நன்றாகத் தெரியும். இலவசமாகக் கொடுத்தால் யார் வாங்குவார் என்று பயப்படாதே தம்பி, அங்கே வாசித்துவிட்டு நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதினார், அவரும் கொப்பியில் இருக்கிறார்.

20.10.2024 – மல்லாவியிலிருந்து

அக்கா, விழாவில் வாங்கினவர்களில் ஆறு பேரின் வீட்டுக்குப் போனேன். ஐந்து பேர் வாசிக்கவில்லை, முகத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார்கள், எனக்கும் கஷ்டமாகிவிட்டது. ஆறாவது வீட்டில் வாங்கினவர் வாசிக்கவில்லை, அவருடைய தகப்பன் வாசித்திருக்கிறார். மூன்றாவது கதையில் வருகிற மாட்டுத் தரகர் தனக்குத் தெரிந்த ஒருவர் என்று அடித்துச் சொல்கிறார். நான் கற்பனை என்றேன், நம்பவில்லை. இரண்டு மணி நேரம் கதைத்தோம். கொப்பி வாங்கிவிட்டேன்.

20.10.2024, இரவு

அந்த ஐந்து வீட்டுக்கும் இனிப் புத்தகம் பற்றிக் கேட்டுப் போகாதே. போனால் சும்மா போ. அது என் பிழை, நான் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். வாங்கினவரைக் கணக்குக் கேட்பதுபோல ஆகிவிட்டது.

ஆறாவது வீட்டுத் தகப்பனிடம் திரும்பப் போ. கற்பனை என்று வாதாடாதே. அவருடைய தரகரைப் பற்றிச் சொல்லச் சொல்.

28.11.2024

நாலு நாளாக மழை. உயர்தரப் பரீட்சையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சனசமூக நிலையத்து முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர். இரண்டு குடும்பம் பாடசாலைக்கு வந்திருக்கிறது.

எங்கள் வட்டத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. தொடங்கின காலத்தில் காலை வணக்கப் படங்களால் நிரம்பி, ஒருவரும் திறந்து பார்க்காமல் போனது. இப்போது அதில் ஒன்றே ஒன்றுதான் போகும், சனிக்கிழமை வாசித்த பக்கங்களின் குரல்பதிவு. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி இரவு வேலை முடிந்து அதைக் கேட்பாள். நேற்று முன்தினம் அவள் ஒரு பதிவு போட்டிருந்தாள்: "வாசிப்பு இல்லாட்டியும் பரவாயில்லை, ஆரெல்லாம் பத்திரமா இருக்கினம் எண்டு பேர் சொல்லுங்கோ." ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லிப் பதிவு போட்டார்கள். திறப்பு அம்மாவும் சொன்னா. இருபத்தாறு பெயர்.

கரண்ட் போய்விட்டது, பிறகு எழுதுகிறேன்.

02.12.2024

தண்ணீர் வடிந்துவிட்டது. எல்லோரும் சுகம். அலுமாரியின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் நனைந்ததை விறாந்தைக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் பழைய பத்திரிகைத் தாள் வைத்துப் பிரித்து விடுகிறார்கள். தம்பி, உன் பெட்டி?

03.12.2024 – மல்லாவியிலிருந்து

பலகைக்கு மேல் இருந்தது அக்கா. தண்ணீர் பலகைக்குக் கீழே நாலு விரற்கடையில் நின்றது.

18.12.2024

பிள்ளையார்கதை தொடங்கிவிட்டது. இருபத்தொரு நாளும் பின்னேரங்களில் கோவிலில் படிப்பு, அதனால் எங்கள் வாசிப்பைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றியிருக்கிறோம். இந்த மாற்றத்தை நான் சொல்லவில்லை, அவர்களே கூடிக் கதைத்து முடிவெடுத்து எனக்குச் சொன்னார்கள். போன இரண்டு சனியும் எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. நான் இல்லாமலே வாசிப்பு நடந்திருக்கிறது. முன்பென்றால் மனம் கொஞ்சம் சுருங்கியிருக்கும். இந்த முறை அந்தக் குரல்பதிவைப் படுக்கையில் கிடந்து இரண்டு தரம் கேட்டேன். என் கதை ஒன்றில் ஒரு பாத்திரம் செய்தது பிழை என்று இருவர் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர், "ரீச்சரிட்டக் கேப்பம்" என்கிறார். மற்றவர், "அவவுக்கு என்ன தெரியும், எழுதினதோட அவவின்ர வேலை முடிஞ்சுது" என்கிறார்.

தம்பி, 28ஆம் திகதி சனிக்கிழமை உன் மூன்றாவது கதையை எடுக்கிறார்கள். மாட்டுத் தரகர் கதைதான். ஐந்து பிரதி மாங்குளம் பஸ்ஸில் கொடுத்துவிடு, கொண்டக்டரிடம் ஒட்டுசுட்டான் சந்திக் கடை என்று சொன்னால் போதும். காசு ஐந்துக்கும் சேர்த்து வரும். நீ அன்றைக்கு வராதே. எழுதினவர் முன்னால் இருந்தால் சனம் நல்லதை மட்டும்தான் சொல்லும். பதிவை அனுப்புகிறேன், தனியாக இருந்து கேள், உடனே பதில் எழுதாதே.

அடுத்த சனிக்கிழமை வா. அந்த ஆறாவது வீட்டுத் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வா. பாய் ஒன்று கொண்டு வந்தால் நல்லது, எங்களுடையதில் இரண்டு வெள்ளத்தோடு போய்விட்டது.